கண்டினியூட்டி தாடி

என் அக்கா புருஷன் நடிகர். தெருவில் நடந்தால், எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று ஆட்கள் நிற்பார்கள். ஒருத்தர், நீங்கள் பேங்க்கில் கவுண்டரில் உட்காருபவர்தானே என்று கேட்டார். மாமாவும் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பெரிய கம்பெனியிலிருந்து ஆள் வந்தால் டைரக்டர் யார், கதை என்ன என்று இரண்டே கேள்விதான் கேட்பார். அவர்கள் செட் எவ்வளவு பிரம்மாண்டம் என்று ஆரம்பித்தால், "அப்ப செட்டே நடிக்கட்டும்" என்று அனுப்பிவிடுவார். நான் மேக்கப்காரன். செட் பெரிதோ சிறிதோ, எனக்கு வேலை ஒன்றுதான். அதனால் அவரோடு நிறைய சண்டை போட்டிருக்கிறேன்.

ஒரு புது டைரக்டர் வந்து கதை சொன்னான். பூட்டு ரிப்பேர்காரன் ஒருத்தன். ஊரில் எந்தப் பூட்டையும் திறப்பான். மகள் மட்டும் அவன் முகத்தில் விழிக்க மாட்டாள். கடைசியில் அவள் வீட்டு வாசலில், கையில் கம்பியை வைத்துக்கொண்டு, திறக்காமலே உட்கார்ந்திருப்பான். மாமா தன் மோவாயைத் தடவிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "மாப்ளே, இதுக்கு ஒட்டுத் தாடி வேணாம்" என்றார். சொந்தமாக வளர்த்தார்.

பாதிப் படம் எடுத்தார்கள். தயாரிப்பாளர் கையை விரித்தார். வேறு தயாரிப்பாளரைப் பிடித்துவிடுகிறேன், முகம் மாறினால் எடுத்த சீனோடு ஒட்டாது, கண்டினியூட்டி போய்விடும், தாடியில் கை வைக்காதீர்கள் என்று டைரக்டர் சொல்லிவிட்டுப் போனான். இவர் கை வைக்கவில்லை. ஷூட்டிங்கில் எடுத்த போட்டோக்களைக் கண்ணாடியில் ஒட்டி, வருஷக்கணக்காக அதே அளவுக்கு நான் வெட்டிவிட்டேன். நரைக்க ஆரம்பித்ததும் டை அடித்தேன். நடுவில் போலீஸ் அதிகாரி வேஷங்கள் வந்தன. மழித்துக்கொள்ளுங்கள், பிறகு நான் ஒட்டிவிடுகிறேன், எவனுக்கும் தெரியாது என்று கெஞ்சினேன்.

"நமக்குத் தெரியுமேடா" என்றார்.

துணிக்கடைக்கு வேலைக்குப் போய் வீட்டை ஓட்டியது அக்காதான். விசாரிக்கிறவர்களிடம், "தாடிக்கு வேலை இருக்கு, ஆளுக்குத்தான் இல்ல" என்பாள்.

போன மாதம் அந்த டைரக்டர் காரில் வந்தான். கதையைப் பெரிய கம்பெனி வாங்கிவிட்டதாம். பூட்டுக்காரனாகப் பெரிய ஹீரோ நடிக்கிறாராம். "நீங்க ஹீரோவோட அப்பா சார். தாடி அப்படியே இருக்கட்டும், டை மட்டும் வேணாம்."

மாமா கடைசி சீனைப் பற்றிக் கேட்டார். அவன் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "அது இப்ப இல்ல சார். கதவ உடைச்சிட்டு உள்ள போறாரு" என்றான்.

"பூட்டுத் திறக்கத் தெரிஞ்சவன் எதுக்குய்யா கதவ உடைக்கணும்?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். மாமா மாட்டேன் என்றார். அவன் வற்புறுத்தவும் இல்லை. அக்கா வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று பயந்தேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எடுத்துடு மாப்ளே" என்றார். எடுத்தேன். உள்ளே கன்னம் தொங்கிப்போயிருந்தது. மோவாய் இருந்த இடமே தெரியவில்லை. அவர் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"இந்த மூஞ்சிக்கு என்ன வேஷம்டா குடுப்பாங்க?"

ஆள் முகத்தைப் பார்த்ததும் வேஷம் சொல்லிவிடுவேன், என் பிழைப்பே அதுதான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. துண்டை உதறிவிட்டு, கத்தியைக் கழுவப் போனேன்.