தனியாக வரும் பைகள்

இங்கே மலைப் பஸ்களில் பைகள் தனியாகப் பயணம் செய்கின்றன. கோத்தகிரியில் யாரோ ஓட்டுநர் அருகே ஒரு பையை வைத்துவிட்டு இறங்கிப் போவார். பனிக்குள் எங்கோ ஒரு நிறுத்தத்தில் இன்னொருவர் கைநீட்டி வாங்கிக்கொள்வார். மும்பையில் தினமும் ரயிலேறும் உங்களுக்கு இதை நம்பச் சிரமமாக இருக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கும் அப்படித்தான் இருந்தது. அங்கே ஒலிபெருக்கி ஓயாமல் சொல்லும்: லாவாரிஸ் பொருளைத் தொடாதீர்கள், அதில் வெடிகுண்டு இருக்கலாம். லாவாரிஸ் என்றால் உரியவர் இல்லாதது. இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்த பிறகுதான் அம்மா என்னை உட்கார விடுவாள். அந்தக் குரலைக் கேட்டபடியே அவள் மடியில் தூங்கியும் போவேன்.

கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து நாங்கள் மலையேறிய புதிது. நான்கு வயது மகள் யாழினியோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு பனியில் கரைவதும் மீள்வதுமாக இருந்தது. எனக்குப் பாதி உறக்கம். ஒரு வளைவில் கறுப்புப் பை ஒன்று வழுக்கி வந்து என் காலில் முட்டியது. யாருடையது என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு, "லாவாரிஸ்! லாவாரிஸ்!" என்று கத்தினேன்.

ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். "லாரியா? எங்கீங்க லாரி?"

வளைவில் எதிரே லாரி வருகிறது என்று நினைத்துவிட்டார். நான் பையைக் காட்டியதும் நடத்துநர் சொன்னார்: "ஏனுங்க, அது தனியாத்தானுங்க வரும். கட்டபெட்டு ஸ்டாப்புல ஆள் நிக்கும்."

பின்னிருக்கை அம்மாள் எட்டிப் பார்த்தார். "லாரியுமில்ல, கீரியுமில்ல. காரட்டுங்க!"

பஸ்ஸே சிரித்தது. யாழினி மட்டும் சிரிக்கவில்லை. இறங்கும்வரை என் கழுத்தை விடவுமில்லை.

மறுநாள் காலை, தன் பள்ளிப் பையையே தொட மாட்டேன் என்றாள். "யாருதும்மா இது?" அந்த நகரத்தில் எதை எதையோ விட்டுவிட்டு வந்த நான், இந்தப் பயத்தை மட்டும் இவளுக்குக் கொடுத்துவிட்டேனா? கொடுக்காமலும் எப்படி இருப்பது? நாளை ஏதோ ஒரு கூட்டத்தில் தெரியாத பையை இவள் தொட்டுவிட்டால்? நாட்கள் பனியைப் போல நகர்ந்தன.

நேற்று மறுபடியும் பஸ்ஸில் போனோம். எங்கள் முன்னால் ஒரு துணிப்பை சாய்ந்தது. "பாப்பா, உழுந்துராமப் புடிச்சுக்கோ சாமி," என்றார் நடத்துநர். யாழினி என் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனோ சொல்லவில்லை; அது சரிதானா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை. வளைவுகள் முடியும்வரை ஒரு கையால் அவள் அந்தப் பையை அணைத்திருந்தாள். மறு கை என் சுண்டுவிரலை இறுகப் பற்றியிருந்தது.