பள்ளிக்கூடம் கழற்றிய கூரை

அய்யாசாமி நெய்வேலி நகரியத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் காண்ட்ராக்ட் வாட்ச்மேன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லை. ஒரே மகள் நந்தினி புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். தீபாவளிக்கு வருவாள், ஒழுகுகிற கீற்றுக் கூரையை அண்ணாந்து பார்ப்பாள், சாயங்காலமே பஸ் ஏறிவிடுவாள். ஒரு ராத்திரியாவது மகள் தங்கமாட்டாளா என்று மனுஷன் ஏங்கிக் கிடந்தார்.

இந்த வருஷம், பள்ளிக்கூடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை கூடாதென்று மேலிடத்து உத்தரவு வந்தது. ஷீட்டுகளைக் கழற்றினார்கள். கழற்றிய பழைய சாமான் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு. காண்ட்ராக்ட் ஆட்களிடம் அப்படியொரு வழக்கம். அய்யாசாமியும் கெஞ்சிக் கூத்தாடித் தன் வீட்டுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டார். எதற்குக் கழற்றுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பாவி மனுஷன்! பழசாகிவிட்டது போல என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். பாசி பிடித்திருந்தால் மகள் முகம் சுளிப்பாளே என்று கம்பி பிரஷ்ஷை வைத்துத் தேய் தேயென்று வேறு தேய்த்தார். தலை, மீசையெல்லாம் வெள்ளைத் தூள். பிறகு பழைய கீற்றைப் பிரித்தெறிந்துவிட்டு ஷீட்டுகளை மேலே மாட்டினார்.

தீபாவளிக்கு நந்தினி வந்தாள். பையைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏம்ப்பா, இது எங்கேந்து வந்துச்சு?"

"இஸ்கூல்ல கழட்னதும்மா. இனிமே ஒரு சொட்டு ஒழுவாது. நானே தேச்சேன், புதுசாட்டம் இல்ல?"

"தேச்சியா? ஐயோ அப்பா! இந்தத் தூளு நெஞ்சுக்குள்ள போனா அவ்ளோதான். எங்க வார்டுல மூச்சு வுட முடியாம கெடக்கறவங்கள தெனம் பாத்துகினு இருக்கேன். புள்ளைங்களுக்கு ஆவாதுன்னுதான அங்க கழட்னாங்க? மொதல்ல இத எடுத்துடு. அப்பறம் வந்து தங்கறேன்."

"அடமழையில கூர இல்லாம நான் எங்கம்மா படுப்பேன்?"

அவள் இருப்பது பெண்கள் ஹாஸ்டல், அப்பாவை எங்கே கூட்டிப்போவாள்? அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், ஷீட்டுகளைக் கழற்றியாயிற்றா என்று பார்க்கப் பரிசோதனை அதிகாரி வந்தார். ஒவ்வொரு கட்டடமாகச் சுற்றிப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். அய்யாசாமி கேட்டருகே அவரை மடக்கினார்.

"சார், அந்த ஷீட்டெல்லாம் எங்க வூட்டு மேலதான் இருக்குது. அங்கயும் வந்து பாத்து, எடுக்கச் சொல்லி ஒரு ஏற்பாடு பண்ணுங்க சார்."

"உத்தரவு பள்ளிக்கூடத்துக்குத்தாங்க. வீட்டையெல்லாம் நாங்க எப்படிப் பார்க்கிறது?" அதிகாரி ஜீப்பில் ஒரு கால் வைத்தவர் திரும்பினார். "ஏன், அங்க சின்னப் பசங்க யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க சார்," என்றார் அய்யாசாமி. "நான் மட்டுந்தான்."

"அப்ப சரி," என்றார் அதிகாரி.