மில்லுக்காரன் இருமல்

தொப்பையைக் குறைக்கணும்னு டாக்டர் விரட்டுனதுல ஜிம்முக்குப் போனேன். ரெண்டு நிமிஷத்துல நாய் மாதிரி இளைச்சுது. என்னைத் தாங்க முடியாம கத்துன ட்ரெட்மில்லுக்கு அங்கன உள்ள பையன் எண்ணெய் விட்டான். அந்த வாடை மூக்குல ஏறுனதும் அப்படியே நின்னுட்டேன். இந்த இடத்துலதான் எங்க தறி செட்டு இருந்துச்சு.

விடிஞ்சதுல இருந்து தறி சத்தம் காதை அடைக்கும், பஞ்சுத் தூசி அப்பா புருவத்துல, மீசையில, எங்க சோத்துல எல்லாம் வெள்ளையா படிஞ்சு கெடக்கும், கரண்டு போனா அவ்வளவு சத்தமும் ஒரே நொடியில அடங்கி அப்பாவோட இருமல் மட்டும் தனியா கேக்கும். அந்த நேரம்தான் பி.ஏ. இங்கிலீஷ் படிச்சுக்கிட்டிருந்த அக்கா, விக்டோரியா ராணி காலத்து நாவல் ஒண்ணை எங்களுக்குத் தமிழ்ல சொல்லுவா. அதுல ஒரு மில்லுத் தொழிலாளி, பஞ்சுத் தூசி நெஞ்சுல அடைச்சு இருமிக்கிட்டே கெடப்பான்.

"ஏட்டி, இதைப் படிக்கவா பஸ் ஏறிப் போற? இங்கனயே பாத்துக்கலாமே!"ன்னு அப்பா சிரிப்பாரு. சிரிச்சா இருமல் கூடிரும். ஆனாலும் தினமும், "அந்த மில்லுக்காரனுக்கு இருமல் நின்னுச்சா?"ன்னு கேக்காம விடமாட்டாரு.

நாவல்ல அவன் பாதியிலயே செத்துட்டான்னு அக்கா எங்கிட்ட மட்டும் சொன்னா. அப்பாகிட்ட, "தேறிட்டு வாரான்ப்பா, இப்பக் கஞ்சி குடிக்கான்"னு சொல்லிக்கிட்டே இருந்தா. அப்பா ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்தப்பவும் அதையேதான் சொன்னா.

அப்பா போன பொறவு பரீட்சை வந்துச்சு. அந்த மில்லுக்காரன் சாவைப் பத்தித்தான் பெரிய கேள்வி. அவன் பிழைச்சு எந்திரிச்சு, மக கல்யாணத்தையும் பாத்தான்னு பக்கம் பக்கமா எழுதிட்டு வந்துட்டா அக்கா. அந்தப் பேப்பர்ல அவ ஃபெயிலு.