சீட்டில் சாயாத கண்டக்டர்

நின்றே சம்பாதிக்கிற வேலைகளில், தரையும் கூடவே ஓடுவது கண்டக்டர் வேலையில் மட்டும்தான். ஜவுளிக்கடையிலும் ஹோட்டலிலும் கால் கடுக்க நிற்கிற சகோதரர்களே, உங்கள் தரையாவது சும்மா கிடக்கிறது! தொண்ணூறுகளில் நான் கோவை–தாராபுரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அப்போது கோவையில் ஒவ்வொரு பள்ளிக்கூட மைதானத்திலும் ஒரு கராத்தே வகுப்பு நடக்கும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு என்பதால் நானும் ஒன்றில் சேர்ந்தேன்.

இல்லாத சீட்

மஞ்சள் பெல்ட் பரீட்சையில் முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நிற்க வேண்டும். மாஸ்டர் தோளில் கைவைத்துத் தள்ளுவார், அசையக் கூடாது. நான் முதல் தள்ளிலேயே இடது பக்கம் விழுந்தேன். எழுந்து நின்றேன், மறுபடி அதே பக்கம் விழுந்தேன்.

பதினோரு வருடமாக இடது இடுப்பைச் சீட் ஓரத்தில் முட்டுக் கொடுத்துத்தான் டிக்கெட் கிழித்து வந்திருக்கிறேன். அது எனக்கே தெரியாது. மாஸ்டர் கண்டுபிடித்துவிட்டார். "ஏனுங்க, இங்க சீட்டு எதுவும் இல்லீங்களே, எது மேல சாஞ்சுக்கறீங்க?"

பஸ்ஸே வகுப்பு

தோற்றதை டிரைவர் பழனிச்சாமி அண்ணனிடம் சொன்னேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும். சூலூர் தாண்டுவதற்குள் முன் சீட்டுகளுக்கும், பல்லடத்தில் டீக்கடைக்கும் செய்தி போய்விட்டது. மானமே போயிற்று. அடுத்த பரீட்சையில் பெல்ட் வாங்காமல் விடுவதில்லை என்று வைராக்கியம் பிறந்தது.

அன்றிலிருந்து சீட்டில் சாய்வதில்லை, கம்பியைப் பிடிப்பதில்லை. காலை அகட்டி, முட்டியை மடக்கி நடுவழியில் நின்றே டிக்கெட் கிழித்தேன். ஜனம் சும்மா விடுமா? பொங்கலூரில் கூடையோடு இறங்க வந்த அம்மா சொன்னார்: "கண்ணு, நீ காலைச் சேத்து வெச்சீன்னா, நான் எங்கூர்லயே எறங்கிக்குவேன்!"

குதிரை நிலை

இன்னொரு நாள், கடைசி சீட்டில் இருந்த பெரியவர் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். "இதுக்குக் குதிரை நிலைன்னு பேருங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் அந்தியூர்க் குதிரை வியாபாரி என்று எனக்கென்ன தெரியும்? "சந்தையில வருசா வருசம் குதிரை பாக்கறனுங்க. ஒண்ணு இப்படி நின்னாலும் நான் வாங்க மாட்டனுங்க!"

ஆட்டு மந்தை

குண்டடம் தாண்டி ஆட்டு மந்தை குறுக்கே வர, அண்ணன் பிரேக்கில் ஏறி நின்றார். நின்றிருந்தவர்கள் எல்லோரும் எஞ்சின் பக்கம் போய்க் குவிந்தார்கள். ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறுகையில் பேனா, எதையும் பிடிக்காமல் நான் மட்டும் நட்ட கல்லாக நின்றேன்!

அண்ணன் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, நீ தோத்ததை ஊரெல்லாம் சொல்லிப்போட்டேன். செயிச்சீன்னா, அதையும் நாந்தான் சொல்லுவேன்!"

மறுபரீட்சை

ஆறு மாதம் கழித்து அதே மைதானம். மாஸ்டர் தோளில் தள்ளினார், அசையவில்லை. முதுகில் தள்ளினார், அசையவில்லை. மூன்றாவது முறை தோளைக் கொடுத்து முட்டினார். பழக்க தோஷம், என் வாய் தானாகக் கத்தியது: "தள்ளாதீங்க, முன்னாடி எடம் இருக்குது, உள்ள போங்க!"

மைதானமே சிரித்தது. போச்சு, இந்தத் தடவையும் போச்சு என்று நினைத்தேன். கால் மட்டும் இம்மியும் நகரவில்லை. மாஸ்டர் மஞ்சள் பெல்ட்டோடு எதிரே வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. "போறனுங்க கண்டக்டரே, மொதல்ல இதைக் கட்டிக்குங்க!"

பதினோரு வருடம் நின்றே சோறு தின்ற நான், நிற்கக் கற்றுக்கொண்டது என்னவோ அந்த ஆறு மாதத்தில்தான்.