அக்காவின் அறை வாசலில் குளவிக்கூடு

அன்று வீட்டில் இருந்தது அம்மாவும் அக்காவும் நானும். அப்பா கடலுக்குப் போயிருந்தார். அத்தான் கட்டாரில். அக்காவைக் கலியாணம் முடித்த கையோடு போனவர், இரண்டு வருடமாகியும் வரவில்லை. வேலை செய்யும் இடத்தில் லீவு தருவார்கள், விமான ரிக்கெற் தரமாட்டார்கள். அந்த ரிக்கெற்றுக்காக அக்கா கருவாடு விற்றுச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் அறைக் கதவு நிலையில் குளவியொன்று மண்கூடு கட்டத் தொடங்கியிருந்தது. குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள் எங்கள் எழுவைதீவில். அம்மா கூட்டுகிற தும்புத்தடியைக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோக விடவில்லை.

“அத்தான் அங்க, குளவி இங்க. எப்பிடியம்மா?” என்றேன்.

“வாயை மூடடா! கட்டி முடியட்டும், மருமோன் தானா வருவார்.”

அக்கா சிரித்தாள். ஆனால் கூட்டைப் படமெடுத்து அத்தானுக்கு அனுப்பிவிட்டுத்தான் சமைக்கப் போனாள்.

அதே நிலையின் அடியில் கறையான் ஏறியிருந்ததை நான் கண்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் கடந்து பல்கலைக்கழகம் போனவன் நான். படித்தது விலங்கியல். இரண்டும் மண்ணால் கட்டுபவைதான். குளவி தனியாள். ஈரமண்ணை உருட்டி வந்து அறை செய்யும்; குஞ்சுக்குச் சிலந்திகளைப் பிடித்து அடைத்து, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். பிள்ளையின் முகம் பார்ப்பதில்லை. கறையான் வெளிச்சத்துக்கு வராத பெருங்கூட்டம். ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொண்டு ஒரே கூரையின்கீழ் கிடக்கும். அந்தக் கூட்டத்தின்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

“மருந்தடிக்க வேணும் அம்மா. நிலை போயிடும்.”

“அடிச்சா குளவி செத்துப்போம். ஏலாது!”

“படிச்சவருக்கு எதைக் கண்டாலும் மருந்துதான்” என்று அக்கா நக்கலடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “குஞ்சு வெளியில வரட்டும் தம்பி. அதுக்குப் பிறகு மருந்தை அடியன்.”

மருந்து வாங்குவதை நான் தள்ளிப்போட்டேன்.

சில கிழமைகள் கழித்து, குஞ்சு கூட்டைத் துளைத்துப் பறந்தது. அடுத்த கிழமை மருந்தோடு நான் வந்தபோது, அக்கா கதவை இழுக்க, நிலையும் சேர்ந்து சரிந்தது. உள்ளே மரமே இல்லை. மேலே பூசிய பெயின்ற்தான் அத்தனை நாளும் நின்றிருக்கிறது. கதவிலும் பாதி போய்விட்டது.

புது நிலையும் கதவும் ஊர்காவற்துறையிலிருந்து வள்ளத்தில் வந்தன. அப்பாவிடம் அவ்வளவு காசு இல்லை. அக்கா அலுமாரியைத் திறந்து, ரிக்கெற்றுக்கு வைத்திருந்த காசை அப்படியே எடுத்துவந்தாள். மரம், தச்சன் கூலி, வள்ளக்கூலி எல்லாம் சேர்த்து எண்பத்தாறாயிரம் ரூபா.