முதல் நாள் வெட்டாத கத்தி

ஒரு பொருளைக் கையில் கொடுத்து, இது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று என்னை யாரும் கேட்டதில்லை. தேயிலைத் தோட்டத்தில் பதினான்கு வருடம் கொழுந்தெடுத்தேன். கூடை கொடுத்தார்கள், இடுப்பில் கட்டப் படங்குத் துணி கொடுத்தார்கள், கடைசியில் கொழுந்து வெட்டக் கத்தரியும் கொடுத்தார்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு மலைக்கு ஏறுவதுதான் என் வேலை. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை காலை முதலாளி ஒரு கத்தியை என்னிடம் நீட்டி, மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றபோது முதலில் பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பயம் வந்தது.

முதலாளி என்றால் என்னைவிட இளையவர்தான். ஹட்டன் கடைவீதியில் இவர்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக இரும்புக் கடை. இவர் அதோடு கொத்மலை நீர்த்தேக்கம் தெரிகிற ஒரு மேட்டில் பத்துக் கூடாரம் போட்டு, சுற்றுலாக்காரர்களைத் தங்கவைக்கிறார். கொழுந்து வேலையை விட்ட பிறகு நான் அங்கேதான் சமைக்கிறேன். சமைக்கிறேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கொழும்பிலிருந்து ரயிலேறி நானுஓயாவில் இறங்கி வருகிறவர்கள் தாங்களே அடுப்பு மூட்டி, கண்ணெரிய ஊதி, தாங்களே வெங்காயம் நறுக்க ஆசைப்படுகிறார்கள். நான் பக்கத்தில் நின்று, கறி கருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்கள் இங்கே வந்து ஏன் புகை குடிக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஒரு பெட்டி. அதில் சின்ன அடுப்பு, சட்டி, தட்டு, நறுக்குப் பலகை, ஒரு கத்தி. பழைய கத்திகளெல்லாம் பிடி ஆடிப் போயிருந்தன. ஏப்ரல் விடுமுறைக் கூட்டம் வருவதற்குள் மாற்ற வேண்டும். முதலாளியின் அண்ணன் போனில் படம் பார்த்தே வாங்கிவிடலாம் என்றாராம். இவர்தான், சமைக்கிறவர்கள் சொல்லட்டும் என்று ஒரே ஒரு கத்தியை மாதிரிக்கு வரவழைத்தார். நான் நல்லது என்றால் பத்துக் கூடாரத்துக்கும் அதே கத்தி. கடையிலும் வைத்து விற்பார்கள். ஆக, அண்ணன் சொல்லுக்கு எதிரே என் சொல்லை நிறுத்திவிட்டார். அது பொய்த்துப்போனால் அடுத்த முறை எதற்கும் என்னைக் கேட்கமாட்டார்கள். அந்த ஒன்றுதான் எனக்குப் பயம்.

கத்தி ஒரு சாண் நீளம் இருந்தது. கறுப்புப் பூச்சு, தடித்த முதுகு, ரப்பர் மாதிரிப் பிடி, இடுப்பில் செருகிக்கொள்ள ஓர் உறை. காய், மீன், இறைச்சி, விறகு எல்லாம் வெட்டலாம் என்று அட்டையில் படம் போட்டிருந்தது. எனக்கோ கையில் பிடிக்கிற கத்தியே அதிகம் பழக்கமில்லை. வீட்டில் அருவாமனைதான். காலால் அமுக்கி உட்கார்ந்துகொண்டால் அலகு ஒரே இடத்தில் நிற்கும், காய்தான் அதனிடம் போகும். இங்கே காய் பலகையில் சும்மா படுத்திருக்க, கத்தி அதைத் தேடிப் போக வேண்டும். இரண்டு வருடமாகியும் அது எனக்குத் தலைகீழாகத்தான் இருக்கிறது.

முதல் நாள் தக்காளியில் ஆரம்பித்தேன். கத்தியை வைத்து இழுத்தால் தோல் பள்ளம் விழுந்ததே தவிர வெட்டுப்படவில்லை. அழுத்தினேன். தக்காளி நசுங்கி விதையெல்லாம் பலகையில் வழிந்தது. வெங்காயம் வழுக்கிக்கொண்டு ஓடியது. வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் நார் நாராகத் தொங்கியது. கரட்டில் அழுத்தியபோது, அது வெட்டுப்படாமல் விறகு பிளக்கிற மாதிரி டப்பென்று பிளந்து பாதி கீழே போனது. கோழிக்காலை மூட்டில் விடுவிக்க நான் பட்ட பாட்டை யாரும் பார்க்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி. விறகில் சிராய் சீவ மட்டும் பரவாயில்லை, அதுவும் பலத்தால்தான்.

மத்தியானம் முதலாளி போன் பண்ணி எப்படி என்று கேட்டார். உதவாது என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் ஒரு சந்தேகம். பளபளவென்று உறையில் வந்த புதுக் கத்தி எப்படி வெட்டாமல் போகும்? இன்னும் பார்க்கணும்ங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டிலும் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லியிருந்ததால் கத்தியைப் பையில் போட்டு, தோட்டத்து லயத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுகிற வேலை. முதலாளி கொடுத்த கத்தி என்று காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். அங்கே கூட்டம், திரும்பி வர நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் கத்தி உறைக்குள் பத்திரமாக இருந்தது. அன்றிரவு சோறும் பருப்பும்தான், கத்திக்கு வேலையே வரவில்லை.

மறுநாள் காலை கூடாரத்தில் அதே பலகை, அதே கடைத் தக்காளி. நேற்றைய எரிச்சலோடு கத்தியை வைத்து ஓங்கி அழுத்தினேன். தக்காளி இரண்டாகி, கத்தி பலகையில் போய்க் குத்தி நின்றது. அப்படியே நின்றுவிட்டேன். இன்னொரு தக்காளியை எடுத்து மெதுவாக இழுத்தேன். தாள் மாதிரி வில்லை விழுந்தது. வெங்காயம், லீக்ஸ் எல்லாம் சொன்னபடி கேட்டன. கோழி மூட்டு இருக்கிற இடமே தெரியாமல் விட்டுப்போனது. கரட் மட்டும் இன்றைக்கும் டப்பென்று பிளந்தது. முதுகு தடிப்புத்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு, சந்தோசத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் மண்டை குழம்பிப் போனது. ஒரே கத்தி, ஒரே கை. நேற்று மாட்டேன் என்றது இன்று ஏன் சரி என்கிறது? வெயிலா, பலகை காய்ந்திருக்கிறதா, தக்காளிதான் வேறு சாதியா? கத்தியைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்புப் பூச்சு விளிம்பில் நூல் அளவுக்குப் போய் வெள்ளையாகத் தெரிந்தது. நேற்று நான் கண்டபடி போட்டு அழுத்தியதில் தேய்ந்துவிட்டது என்று பதறி, முதலாளி கண்ணில் படாமல் இருக்க வேண்டுமே என்று உறையில் போட்டு மூடினேன்.

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பிழை என் கையில். இதுபோல முன்பும் நடந்திருக்கிறது. தோட்டத்தில் கத்தரி கொடுத்த புதிதில் என் கத்தரி கொழுந்தைக் கடித்துத் துப்பியது. கங்காணியிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தரியைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "கத்தரிக்கு என்னா? ஒங் கைக்குத்தான் பழக்கமில்ல" என்றார். ஒரு வாரம் மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. பிறகு வீக்கம் வடிந்தது, கத்தரியும் எப்படியோ வெட்டியது. அதே கதைதான் இதுவும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அருவாமனையில் வளர்ந்த கை, ஒரு நாளில் பழகிவிட்டது. அதில் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார். நல்ல கத்தி, தைரியமாக வாங்கலாம் என்றேன். முதல் நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையாலாகாத்தனத்தை நானே ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்? அவர் சிரித்துக்கொண்டே, அண்ணனிடம் தான் சொன்னது சரியாகிவிட்டது என்றார்.

இரண்டு வாரத்தில் பத்துக் கத்தியும் வந்து சேர, பெட்டிக்கு ஒன்றாக நானே வைத்தேன். மாதிரிக் கத்தியை எனக்கே விட்டுவிட்டார். அந்த வார இறுதியில் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டு அம்மா ஆசையாக உட்கார்ந்து தக்காளி நறுக்கத் தொடங்கினார். கத்தி தோலில் வழுக்கி அவர் விரலில் இறங்கியது. ஆழமில்லை, பிளாஸ்டர் போட்டதும் நின்றுவிட்டது. அவர் தன் மேல்தான் குறை என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்குப் பகீரென்றது. அந்தக் கத்தியை வாங்கி நானே வெட்டிப் பார்த்தேன். பள்ளம் விழுந்தது, வெட்டுப்படவில்லை. அடுத்த பெட்டியைத் திறந்தேன். அதுவும் அப்படியே. பத்தும் அப்படியே. என் கத்தியை எடுத்து வைத்தால் தக்காளி தானாக விழுகிறது.

முதலாளிக்குச் சொல்லியனுப்பினேன். சாயங்காலமே வந்து என் கத்தியையும் மற்றதில் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே முத்திரை, ஒரே பிடி, ஒரே எடை. இரண்டாலும் வெட்டிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. கத்தி விற்றவர்கள் மாதிரிக்கு நல்லதைக் காட்டிவிட்டு மொத்தமாகப் போலியைத் தள்ளிவிட்டார்கள் என்று கொதித்தார். "காலையில நான் அவங்களோட பேசுறப்போ நீங்களும் பக்கத்துல இருங்கக்கா. நீங்கதான் சாட்சி" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பழி என் மேல் விழவில்லை என்பதில் ஒரு கேவலமான நிம்மதி இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்தவுடன் வீட்டுக்காரரிடம் நடந்ததைக் கொட்டித் தீர்த்தேன். மாதிரியில் ஒன்றும் மூட்டையில் வேறொன்றும் அனுப்புகிற ஊர் என்று திட்டினேன். அவர் பிளேன்டீயைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதுக எல்லாத்தையும் தீட்டியாச்சா?" என்றார்.

எதைத் தீட்டுவது என்று கேட்டேன்.

"புதுக் கத்திய தீட்டாம யாராச்சும் வெட்டுவாங்களா புள்ள? ஒன்னோடத நான்தானே அன்னிக்குத் தீட்டி வச்சேன்."

நான் பீலிக்குப் போயிருந்த நேரத்தில் நடந்த வேலை அது. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். இதெல்லாம் ஒரு விசயமா என்று அவர் என்னைப் பார்த்தார். அவர் மேலும் தப்புச் சொல்ல முடியாது. கவ்வாத்துக்காரர் வீட்டில் புது அலகு ஒன்று வாசலுக்குள் வந்தால் அன்று சாயங்காலமே கல்லில் ஏறும். தோட்டத்து ஸ்டோரில் கொடுக்கிற கூர் கூரே இல்லை, தன் கைக்குத் தகுந்த கூரைத் தானே வைக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பக்கத்து வீட்டு அருவாமனையைக்கூடக் கேட்காமல் தீட்டிக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொண்டவர் இவர். அடுப்படியில் தீட்டுக்கல் இருபது வருடமாக என் கண் முன்னால்தான் கிடக்கிறது. கத்தி விளிம்பில் வெள்ளைக் கோட்டைப் பார்த்த நான், என் அழுத்தத்தில் தேய்ந்தது என்று நினைத்தேனே தவிர, அந்தக் கல்லை நினைக்கவே இல்லை.

அவர் அதோடு விடவில்லை. இரும்பு நல்ல இரும்பு, மூன்று வாரமாகக் கூர் நிற்கிறது பார், கத்தியைக் குறை சொல்லாதே என்றார். அங்கேயும் எனக்குக் குழப்பம். தீட்டினால் வெட்டுகிற கத்தி நல்ல கத்தியா, கெட்ட கத்தியா? சமைக்க வருகிற கொழும்பு அம்மாவுக்கு இவரைப் போல ஒரு வீட்டுக்காரர் கூட வருவாரா? இதற்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்தது. கத்தி விற்றவர்கள் செய்யாத ஏமாற்றுக்கு முதலாளி நாளைக் காலை அவர்களைத் திட்டப் போகிறார், அதற்கு நான் சாட்சி.

காலையில் நேரத்தோடு போய்விட்டேன். முதலாளி பத்துக் கத்தியையும் அட்டைப்பெட்டியில் அடுக்கி, போனைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். பேசாதீங்க, கொஞ்சம் பொறுங்க என்று தடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். கல்லை, பீலியை, வெள்ளைக் கோட்டை, நசுங்கிய தக்காளியை. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. போனைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"மொத நாளே வெட்டலன்னு தெரிஞ்சிருக்குல்லக்கா. அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கத்தியில குத்தம் இருக்கும்னு தோணவே இல்லைங்க. எங் கைதான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அவமானமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கங்காணி மேலா, என் மேலா?

அவர் அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு கத்தியை உருவி என் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு தக்காளியையும் வைத்தார். இப்போது வெட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

கத்தியை வைத்து இழுத்தேன். தோல் பள்ளம் விழுந்தது. என் விரல்கள் பிடியை மாற்றிப் பிடிக்கப் போயின. மாற்றவில்லை. கத்தியைப் பலகையில் வைத்தேன்.

"வெட்டலைங்க" என்றேன்.