கம்ப்யூட்டருக்குள் ஒரு போர்ஷன்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் திருப்பூரில் ஏர் கன்னுக்குத் தப்பிய பொருள் கிடையாது. கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்சி, மிஷினில் ஒட்டிய பஞ்சையெல்லாம் விரட்டிவிடுவார்கள். 2007இல் வீரபாண்டியில், ஆறுச்சாமியின் காலர் கம்பெனியில், டிசைன் போடுகிற சித்ராதேவி கம்ப்யூட்டரையும் திறந்து வைத்து அடித்தாள். ஹோஸில் தேங்கிய தண்ணீரும் காற்றோடு உள்ளே தெறித்ததை அவள் கவனிக்கவில்லை. சுவிட்சைப் போட்டதும் ‘டப்’ என்றது. அத்தோடு சரி.

டீ-ஷர்ட் காலரில் எந்த இடத்தில் எந்த நிறக் கோடு என்று அந்தக் கம்ப்யூட்டரில் வரைந்து, ஃப்ளாப்பியில் ஏற்றிக் கொடுத்தால்தான் மிஷின் ஓடும். அதிலிருந்த அறுநூறு டிசைனும் அவள் வரைந்தவை. விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து, காலர் எண்ணிக் கட்டுகிற வேலையில் சேர்ந்து, டிசைனர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே கற்றுக்கொண்டவள். அந்த நாற்காலி அவளுக்குச் சும்மா கிடைத்ததில்லை.

பூஜை முடிந்து சர்வீஸ்காரர் வந்தார். ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது; புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதாயிற்று. ஆனால் டிசைன் சாஃப்ட்வேர் விண்டோஸ் 98இல் மட்டுமே ஓடும், புதுசில் வருகிற விண்டோஸ் எக்ஸ்பியில் ஏறாது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

“பத்து நாள்ல பழைய டிசைன் ரிப்பீட் ஆர்டருக்குக் காலர் போகோணும். வெளி ஆள் யாரையாச்சும் கூப்பிட்டுக்கலாங்களா அம்மணி?” என்றார் ஆறுச்சாமி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். வெளி ஆள் என்றது சுருக்கென்று தைத்தது.

“மூணு நாள் குடுங்கண்ணே. நான் கெடுத்ததை நானே சரி பண்ணித் தாரேன்.”

மூன்று மதியமும் டிபன் பாக்ஸைத் திறக்காமல் பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள். அரைகுறை இங்கிலீஷை வைத்துக்கொண்டு, ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கும் விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேரைக் கண்டுபிடித்தாள். புதுசில் அதை ஏற்றி, அதற்குள் விண்டோஸ் 98 போட்டாள். அது எழுந்து எழுந்து விழுந்தது. தாராளமாக ஒரு ஜிபி மெமரி கொடுத்திருந்தாள். பழசுக்கு அவ்வளவு செரிக்கவில்லை. முன்பிருந்த அதே அறுபத்து நாலு எம்பியைக் கொடுத்ததும் சமர்த்தாக ஓடியது. பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்த சாஃப்ட்வேரையும் டிசைன்களையும் அதற்குள் ஏற்றினாள்.

எக்ஸ்பி திரைக்கு நடுவில் ஒரு கட்டம். அதற்குள் பழைய 98 முழுசாக இருந்தது, அறுநூறு டிசைனோடு.

“ஏனம்மணி, இது எப்படி உள்ளுக்குள்ள உக்காந்திருக்குது?”

“எங்க லைன் வீடு மாதிரிதாண்ணே. வெளிய பாத்தா ஓனர் கட்டடம். உள்ள குடியிருக்கவங்களுக்கு அந்தப் போர்ஷன்தான் முழு வீடு.”

மிஷினில் முதல் காலர் இறங்கியது. பழைய சாம்பிளோடு வைத்துப் பார்த்தாள். இம்மி பிசகவில்லை. அப்போது அவளுக்கு வந்த பெருமையில் பசிகூட மறந்துபோனது.

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்ப்யூட்டரைத் துணியால் தானே துடைத்து, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் ஆறுச்சாமி மானிட்டரில் சந்தனப் பொட்டு வைத்தார். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் இன்னொன்றும் வைத்தார். பூஜைக்கு வந்திருந்த பக்கத்துக் காலர் கம்பெனி ஆத்தப்பன் காரணம் கேட்டார்.

“ஒண்ணு வெளிய இருக்கறதுக்கு, ஒண்ணு உள்ள குடியிருக்கறதுக்குங்க.”

விஷயத்தைக் கேட்டதும் ஆத்தப்பன் செல்போனை எடுத்தார். “எங்குளுதும் அதே பழசுதானுங்க. பண்ணுன ஆளு நம்பரைக் குடுங்க.”

“வெளி ஆளெல்லாம் இல்லீங்க,” என்றார் ஆறுச்சாமி, எல்லோருக்கும் கேட்கும்படி. “எங்க சித்ராதேவி பண்ணுனது.”

பொரி பங்கிட்டுக்கொண்டிருந்த சித்ராதேவி, ஆத்தப்பனுக்கு மட்டும் இரண்டு கை அள்ளிப் போட்டாள்.